குறுவைத் தவிடு

திருத்துறைப்பூண்டி
14.10.2025

அண்ணிக்கு,

உங்கள் பிள்ளை நலம். தவுடு என்றுதான் கூப்பிடுகிறோம்.

போன் செய்யாதீர்கள் என்று நான் சொன்னதில் உங்களுக்குக் கோபம் என்று மஸ்கட்டிலிருந்து உங்கள் தம்பி சொன்னார். கோபப்படுங்கள், போன் மட்டும் வேண்டாம். எடுத்தவுடனே, "ஈஸ்வரி, உன் புள்ள எப்படி இருக்கான்?" என்பீர்கள். உங்களுடையது காலேஜில் பாடம் நடத்துகிற குரல், தெருமுனை வரை போகும். எதன் காதில் விழக்கூடாதோ அதன் காதிலும் விழும். முதல் பிள்ளை ஒரு வாரம் இருந்தது. இரண்டாவது மூன்றாம் மாதம், அடைமழையில் போனது. இரண்டையும் ஊரறிய என் பிள்ளை, என் பிள்ளை என்று கொஞ்சினவள் நான். கடிதம் என்றால் சத்தம் வராது.

பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாய் அக்கா சொல்லித்தான், இவனாவது தங்கட்டும் என்று இவனைத் தவிட்டுக்கு விற்றேன். முறத்தில் கிடத்தியிருந்தவனை நீங்கள் தூக்கிக்கொண்டு, குறுவைத் தவிட்டை என் மடியில் கொட்டினீர்கள். அப்போது, "எகிப்துல கூட இவ்வளவு மலிவா கிடைக்காது" என்று சிரித்தீர்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. வாங்கினவர் வாங்கின மாதிரி இருக்க வேண்டும்.

சம்பா அறுத்துப் புதுத் தவிடு வரும்வரை அவன் உங்கள் பிள்ளை, நான் கூலிக்கு வளர்க்கிறவள். புதுத் தவிட்டைக் கொடுத்து மீட்டுக்கொள்வேன். அதுவரை இந்தப் பக்கம் வராதீர்கள். நம் மூன்று பேரையும் ஒன்றாகப் பார்த்தால் யார் பெற்றது என்று அதற்குத் தெரிந்துவிடும் என்கிறார் பொன்னுத்தாய் அக்கா.

நீங்கள் மொழிபெயர்க்கிற எகிப்து வைத்தியப் பக்கங்களை முன்பு போல அனுப்புங்கள். படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் பிறந்த குழந்தை முகத்தைக் கீழே தொங்கப் போட்டால் பிழைக்காது என்ற பக்கத்தை எனக்கு நிறைமாதத்தில் அனுப்பியிருக்க வேண்டாம். இப்போதெல்லாம் அவன் முகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்ப்பதே என் வேலையாக இருக்கிறது.

ஈஸ்வரி

தஞ்சாவூர்
22.10.2025

அன்புள்ள ஈஸ்வரி,

அந்தப் பக்கத்தை அனுப்பியது என் புத்திகெட்ட வேலை. வாக்கியம் தமிழில் ஓடுகிறதா என்று கேட்கத்தான் அனுப்பினேன். நீ வயிற்றுப் பிள்ளைக்காரி என்பது எனக்கு உறைக்கவே இல்லை. அதைக் கிழித்துப் போடு. மூவாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் நைல் கரையில் ஒரு வைத்தியன் எழுதி வைத்தது அது. பச்சைக் குழந்தைக்குக் கழுத்து நிற்காது. முகம் தொங்கத்தான் செய்யும்.

சிரித்ததற்கும் மன்னித்துவிடு. எங்கள் அப்பாவைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறாய். வீட்டில் ராகுகாலம் என்ற வார்த்தையைச் சொன்னால் சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போவார். எனக்கு எழில்மொழி, தம்பிக்குப் பரிதி என்று தேடித்தேடிப் பெயர் வைத்தவரின் மகள், தவிட்டுப் பையோடு நின்றால் சிரிப்பு வராமல் என்ன செய்யும்? கூச்சத்தில் வந்த சிரிப்பு அது.

நேற்று முடித்த பக்கத்தில் பால் சுரக்க ஒரு வைத்தியம் வருகிறது. நைல் ஆற்றுப் பெரிய மீனின் முதுகெலும்பை எண்ணெயில் காய்ச்சி, அந்த எண்ணெயைப் பிள்ளை பெற்றவளின் முதுகில் தேய்க்க வேண்டுமாம். நாகூர்ப் பக்கத்திலிருந்து உனக்குப் பால்சுறா வருகிறதா? புட்டு செய்து சாப்பிடு, முதுகில் தேய்க்காதே.

'என் பிள்ளைக்கு என் முத்தங்கள்' என்று எழுதிப் பார்த்தேன். கை கூசியது. அடித்தேன். பிறகு நீ சொன்னபடி இருக்கட்டும் என்று மறுபடி எழுதுகிறேன்: என் பிள்ளைக்கு முத்தங்கள்.

எழில்

திருத்துறைப்பூண்டி
3.11.2025

அண்ணிக்கு,

மீனைத் தின்னாமல் முதுகில் தேய்ப்பார்களாமா என்று பொன்னுத்தாய் அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். சுறாப்புட்டு செய்து கொடுத்ததும் அவர்தான். பாலுக்குக் குறைவில்லை.

நடவு முடிந்தது. ஆள் கிடைக்காமல் கடைசி இரண்டு மா நிலத்துக்கு நடவு மிஷின் விட்டேன். வாய்க்காலில் தண்ணீர் வருகிறது. நாள் முழுக்க வயலில் நிற்கிறேன், அது நல்லதாகத்தான் இருக்கிறது.

உங்கள் தம்பிக்கு வீடியோவில் பிள்ளையின் கால்களை மட்டும் காட்டுகிறேன். "மூஞ்சிய காட்டுடி" என்று கெஞ்சுகிறார். அங்கே அறையில் கூட எட்டுப் பேர் இருக்கிறார்கள், எட்டுப் பேரும் பார்ப்பார்கள். போன வாரம், "குஞ்சிதபாதம்னே பேர் வச்சிரலாம், நான் பார்த்தது பாதத்த மட்டுந்தான்" என்றார். நான் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன். பால் கொடுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். பார்த்தால் ஆசை வந்துவிடும், ஆசை வந்தால் அதற்குத் தெரிந்துவிடும். பகலில் பெரும்பாலும் பொன்னுத்தாய் அக்காவிடம் விட்டுவிடுகிறேன், அவர் புட்டிப்பால் கொடுக்கிறார். அடுத்தவர் பிள்ளையை அப்படித்தானே வளர்ப்பார்கள்? சரியாகத்தான் செய்கிறேனா என்று தெரியவில்லை.

ஈஸ்வரி

தஞ்சாவூர்
19.11.2025

ஈஸ்வரி,

இன்று வகுப்பில் இருந்தபோது ஒரு போன். உங்கள் ஊருக்குப் புதிதாக மாற்றலாகி வந்திருக்கும் கிராம நர்ஸ், பெயர் வேம்பு என்றார். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"எழில்மொழிங்களா? உங்க பையனுக்கு எடை ஏறவே இல்ல. கார்டுல போன மாசம் எழுதியிருக்கிற அதே எடைதான். பெத்த பிள்ளைய தம்பி வீட்ல போட்டுட்டு தஞ்சாவூர்ல உக்காந்து என்ன பண்றீங்க நீங்க?"

அம்மா தஞ்சாவூரில் வேலை பார்க்கிறாள் என்று என் நம்பரைக் கொடுத்திருக்கிறாய். அவர் திட்டத் திட்ட நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. "சரிங்க, பார்க்கிறேங்க, தப்புதாங்க" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே புரியவில்லை. வகுப்புக்குத் திரும்பிப் போனபோது கண்ணில் தண்ணீர். முன் வரிசையில் இருந்த பிள்ளைகள் பார்த்தார்கள்.

பிறகு வாட்ஸாப்பில் அவன் படத்தை அனுப்பினார். பால் குடித்த பிள்ளை மாதிரி இல்லை, விலா எலும்பு தெரிகிறது. ஈஸ்வரி, யாரை ஏமாற்றுகிறாய்? எதையோ ஏமாற்றப் போய்ப் பிள்ளையை அல்லவா ஏமாற்றிக்கொண்டிருக்கிறாய்? நாளைக்கே பஸ் ஏறலாம் என்று இருக்கிறது. நீ வரச்சொன்னால் வருகிறேன். முதலில் அவனை டாக்டரிடம் கொண்டு போ.

எழில்

திருத்துறைப்பூண்டி
28.11.2025

அண்ணிக்கு,

டாக்டரிடம் போய் வந்தாயிற்று. நோய் எதுவும் இல்லை, புட்டியை நிறுத்தித் தாய்ப்பாலை நன்றாகக் கொடுங்கள் என்றார். "அம்மா நீங்கதானே?" என்று கேட்டார். பொன்னுத்தாய் அக்கா முந்திக்கொண்டு, "ஆமாங்க, இவதாங்க" என்று சொல்லிவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் பஸ்ஸில் அவரோடு பேசவில்லை. தவிட்டுக்கு விற்கச் சொன்னவரே இப்படிப் போட்டு உடைக்கலாமா?

மூன்று நாளாக மழை விடவில்லை. வயலில் தண்ணீர் முட்டு வரை நிற்கிறது, பயிர் முழுகிவிட்டது. வடிய வேண்டும். இரண்டாவது போனதும் இதே மாதிரி மழையில்தான். அவன் தூங்கினால் மூச்சு வருகிறதா என்று பார்க்கப் போகிறேன். பக்கத்தில் போனதும் பயம் வந்து திரும்பிவிடுகிறேன். பார்க்காவிட்டாலும் பயம்.

நீங்கள் வராதீர்கள். வந்தால் கதவைத் திறக்க மாட்டேன். கோபத்தில் சொல்லவில்லை.

அந்த எகிப்துப் பெண்கள் இதற்கு என்ன செய்தார்கள்? மீன் எண்ணெய் வேண்டாம். பயத்துக்கு என்ன செய்தார்கள் என்று கேட்கிறேன். அவர்களும் விற்றார்களா?

ஈஸ்வரி

தஞ்சாவூர்
9.12.2025

அன்புள்ள ஈஸ்வரி,

விற்றதாக நான் படித்த எதிலும் இல்லை. ஆனால் நீ கேட்டதற்குப் பதில் மாதிரி ஒன்று இருக்கிறது. தாய்க்கும் குழந்தைக்கும் காவலாகச் சொல்லும் மந்திரங்கள். அதில் ஒன்றை மொழிபெயர்த்துப் பல நாள் ஆயிற்று. அனுப்பாமல் வைத்திருந்தேன். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

இருட்டில் ஒன்று வருகிறது. பூனை மாதிரி உள்ளே நுழைகிறது. அதன் மூக்கு பின்பக்கம் இருக்கிறது, முகம் திரும்பியிருக்கிறது. தாய் ஒளிந்துகொள்ளவில்லை. எதிரே நின்று அதனிடம் கேட்கிறாள். முத்தமிட வந்தாயா, விட மாட்டேன். தூக்கிப்போக வந்தாயா, என்னிடமிருந்து தூக்கிப்போக விட மாட்டேன். அவ்வளவுதான். வந்தது வந்த காரியம் கைகூடாமல் திரும்பிவிட வேண்டும். பூண்டும் தேனும் வைத்துக் காவல் கட்டுகிறாள். தேன் நமக்கு இனிப்பு, அந்தப் பக்கம் போனவர்களுக்குக் கசப்பாம். இதைப் படித்துவிட்டு அவன் நாக்கில் தேன் தடவாதே, நர்ஸ் என்னைத்தான் திட்டுவார்.

இதில் எனக்குத் தலை சுற்றுகிறது. நம்மூரில் என் பிள்ளை இல்லை என்று சொல்லிக் காப்பாற்றுகிறோம். அங்கே என் பிள்ளை என்று சொல்லிக் காப்பாற்றியிருக்கிறார்கள். எது சரி என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்று மட்டும் தெரிகிறது. முகத்தைத் திருப்பிக்கொண்டு குழந்தைக்கு அருகே வருவது அந்த மந்திரத்தில் தாய் இல்லை, ஈஸ்வரி. இருட்டில் வந்த அதுதான் அப்படி வருகிறது.

அனுப்பாமல் வைத்திருந்ததற்குக் காரணம் இது. நீ இதைப் படித்துவிட்டு என் பிள்ளை என்று சொல்லிவிட்டால், எனக்கு யாரும் இல்லை. வேம்பு வாராவாரம் எனக்குப் போன் செய்கிறார். "உங்க பையன் இன்னிக்கு சிரிச்சான்" என்கிறார். நாற்பத்து மூன்று வயதில் கல்யாணமே வேண்டாம் என்று நிம்மதியாக இருந்தவள், அந்தப் போனுக்காகக் காத்துக் கிடக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

எழில்

திருத்துறைப்பூண்டி
20.12.2025

அண்ணி,

எகிப்துக்காரியின் பிள்ளையெல்லாம் பிழைத்ததா? அதை எழுதவில்லையே நீங்கள். மந்திரம் சொன்ன வீட்டில் சாவே விழவில்லையா?

முகத்தைத் திருப்பிக்கொள்கிற பேய் நான்தான் என்று சொல்லிவிட்டீர்கள். இருக்கட்டும். இரண்டை அள்ளிக் கொடுத்தவள் பேயாகத்தான் இருப்பாள். படித்ததிலிருந்து, தொட்டால் அவனுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று துணி மாற்றக்கூடப் பொன்னுத்தாய் அக்காவைக் கூப்பிடுகிறேன். முன்பு பார்க்கத்தான் பயம். இப்போது தொடவும் பயம்.

உங்களுக்கு ஆசையாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் எடுத்துக்கொண்டு போங்கள். விளையாட்டுக்கு இல்லை. நிஜமாகவே சொல்கிறேன். தவிடு கொடுத்து வாங்கியிருக்கிறீர்கள். நான் மீட்டுக்கொள்ளப் போவதில்லை. என்னிடம் இருந்தால் அவன் இருக்க மாட்டான். உங்களிடம் இருந்தால் எங்கேயாவது உயிரோடு இருப்பான். எனக்கு அது போதும்.

உங்கள் தம்பியிடம் சொல்லாதீர்கள்.

ஈஸ்வரி

தஞ்சாவூர்
5.1.2026

ஈஸ்வரி,

உன் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டே அலைகிறேன். பிழைத்ததா என்று கேட்டாய். இல்லை. நிறையக் குழந்தைகள் போயின. அதனால்தான் அத்தனை மந்திரம் எழுதி வைத்தார்கள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நீ 'எடுத்துக்கொண்டு போங்கள்' என்பது அந்தத் தவிட்டு வழக்கத்தில் சொல்ல வேண்டிய பேச்சா, உன் மனசா? நான் 'என் பிள்ளை' என்பது உனக்காகச் சொல்வதா, எனக்காகச் சொல்வதா? முதலில் தெரிந்துதான் இருந்தது. எந்த இடத்தில் கலங்கிப் போனது என்று தெரியவில்லை.

உன்னைத் தனியாக விட்டது போதும். வேம்புவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. "அவங்களையும் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன், பிள்ளைய மட்டும் பார்த்தா பத்தாது" என்றார். போய் வா. அதில் தட்டிக் கழிக்காதே.

பொங்கல் முடிந்ததும் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். என் பிள்ளையை எடுத்துக்கொண்டு போவேன். வாங்கினவள் நான், எனக்கு உரிமை இருக்கிறது. நீ சொன்னபடியே செய்கிறேன். துணிமணி வாங்கிவிட்டேன். தொட்டில் கம்பிக்கும் சொல்லியாயிற்று.

எழில்மொழி

தஞ்சாவூர்
20.1.2026

அன்புள்ள ஈஸ்வரி,

ஞாயிற்றுக்கிழமை உன் வாசலிலிருந்து ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி வந்தவளுக்கு என்ன ஆயிற்று என்று பரிதி மஸ்கட்டிலிருந்து போனில் கேட்டான். தலைவலி என்று சொன்னேன்.

நான் கேட்டைத் திறக்கும் முன்பே நீ வெளியே வந்துவிட்டாய். அவன் உன் தோளில் இருந்தான். அவன் முகத்தை உன் கையால் மறைத்துக்கூட வைக்கவில்லை. "வாங்க அண்ணி" என்று சொல்வாய் என்று நினைத்தேன். நீ சத்தம் போட்டது பொன்னுத்தாய் வீட்டைத் தாண்டிக் கேட்டிருக்கும்.

"ஏன் வந்தீங்க? தூக்கிட்டுப் போகவா? தர மாட்டேன். இது என் புள்ள. நான் பெத்தது. யாரு வந்து கேட்டாலும் தர மாட்டேன்."

கையில் துணிப்பையோடு நின்றேன். பேசுவதற்கு எவ்வளவோ தயார் செய்துகொண்டு வந்திருந்தேன். எதற்கு வந்தேன் என்பதே மறந்துபோனது. திரும்பி நடந்தேன். மன்னார்குடி தாண்டிப் பஸ் போகும்போதுதான், நான் எழுதிய வரியே எனக்கு ஞாபகம் வந்தது. வந்தது வந்த காரியம் கைகூடாமல் திரும்பிவிட வேண்டும். அந்த மந்திரத்தில் அதன் இடத்தில் நின்றது நான்தான், ஈஸ்வரி. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். சிரிப்பும் வந்தது. பக்கத்து சீட்டு அம்மா எழுந்து வேறு இடம் பார்த்துப் போய்விட்டார்.

உன்னை அப்படிச் சொல்ல வைக்கத்தான் எடுத்துக்கொண்டு போவேன் என்று எழுதினேன் என்று சொன்னால் நீ சந்தோஷப்படுவாய். நானும் அப்படித்தான் நம்ப ஆசைப்படுகிறேன். ஆனால் தொட்டிலுக்கு முன்பணம் கொடுத்திருந்தேன்.

எழில்

திருத்துறைப்பூண்டி
18.2.2026

அண்ணிக்கு,

சம்பா அறுத்தாயிற்று. மழையில் பாதி போனாலும் மிச்சம் தேறிவிட்டது. முதல் மூட்டையை அரைத்த தவிட்டைச் சலித்துப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். குறுவைக்கு நீங்கள் கொடுத்த அதே அளவு. வாங்கிக்கொள்ளுங்கள்.

வேம்பு அக்கா சொன்ன டாக்டரிடம் போகிறேன். மாத்திரை தருகிறார், பேசவும் சொல்கிறார். தூக்கம் வருகிறது. எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். சில நாள் அவனைப் பார்த்துக்கொண்டே பால் கொடுக்கிறேன். சில நாள் பழைய பயம் வந்து கழுத்து தானாகத் திரும்புகிறது. அப்போது அவன் என் மூக்கைப் பிடித்து இழுத்துத் தன் பக்கம் திருப்பிவிடுகிறான். எடை ஏறியிருக்கிறது.

உங்கள் தம்பிக்கு வீடியோவில் முகத்தைக் காட்டினேன். எட்டுப் பேரும் பார்த்தார்கள். அரவிந்தன் என்று பெயர் பதிந்தாயிற்று. குஞ்சிதபாதம் என்பதை அவர் இன்னும் விடவில்லை.

அன்றைக்கு உங்களை வாசலோடு திருப்பி அனுப்பியதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று உட்கார்ந்தேன். கேட்க மனம் வரவில்லை. மறுபடி அப்படி வந்தாலும் அதையேதான் சொல்வேன். அத்தையாக வந்தால் சுறாப்புட்டு செய்து வைக்கிறேன். வாருங்கள்.

ஈஸ்வரி

தஞ்சாவூர்
27.2.2026

அன்புள்ள ஈஸ்வரி,

பார்சல் போன வாரமே வந்துவிட்டது. மேசை மேல் வைத்துவிட்டு அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பிரித்தால் வாங்கிக்கொண்டதாகிவிடும். அப்பா இருந்திருந்தால் என்னைப் பார்த்துச் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தியிருப்பார். தவிடு வெறும் தவிடுதான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கை போகவில்லை.

இன்று காலையில் பிரித்தேன். வாங்கிக்கொண்டேன், ஈஸ்வரி. அவன் உன் பிள்ளை. சத்தமாகவே கூப்பிடு, உங்கள் தெருமுனை வரை கேட்கட்டும். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், தொட்டில் கம்பியும் கூட வரும். முன்பணத்தைத் திருப்பித் தர மாட்டேன் என்றுவிட்டான் கடைக்காரன்.

எதிர்வீட்டுப் பால்காரர் தன் மாட்டுக்கு வேண்டும் என்று கேட்டார், தவிட்டைக் கொடுத்துவிட்டேன். ஒரு பிடி மட்டும் எடுத்துச் சின்னப் பொட்டலமாகக் கட்டி இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். அதை நீயே வைத்துக்கொள், எனக்குத் திருப்பித் தராதே. அந்த ஒரு பிடி அளவுக்காவது அவன் எனக்கும் பிள்ளையாக இருக்கட்டும்.

அரவிந்தனின் அத்தை
எழில்மொழி